பத்தாண்டுக்கு ஒரு தீ, மூன்றாண்டுக்கு ஒரு தீ: முதுமலை ஆய்வுக்களம் மாற்றிய பார்வை

இந்திய வனவியல் நெடுங்காலம் காட்டை முதிர்நிலை நோக்கி நகரும் ஒன்றாகவே கண்டது. 1936-இல் எச். ஜி. சாம்பியன் வகுத்த காட்டுவகைப் பட்டியலின் அடியிலும் அந்த எண்ணமே கிடந்தது. தட்பவெப்பம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறைவடிவத்தை விதித்திருக்கிறது, தீயும் மேய்ச்சலும் வெட்டும் காட்டை அதிலிருந்து பின்னுக்கு இழுக்கின்றன என்பது அதன் சாரம். தீத்தடுப்புக் கோடுகளை ஆண்டுதோறும் சீர்செய்யும் வழக்கத்துக்கு அது பொருத்தமான கோட்பாடுதான். தமிழ்நாட்டின் வறண்ட இலையுதிர் காடுகளைப் பொறுத்தவரை இந்தப் பார்வையை ஆட்டம் காணச் செய்தது மாற்றுக் கோட்பாடு எதுவுமல்ல, ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுத்த கணக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தக் கணக்கின் மையத்தில் இருப்பவர் சூழலியலாளர் ராமன் சுகுமார்.

சென்னையில் தாவரவியல் பயின்ற சுகுமார், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மாதவ் காட்கிலின் வழிகாட்டலில் யானைகளை ஆராய்ந்து 1985-இல் முனைவர் பட்டம் பெற்றார். யானை ஆய்வாளர் என்ற அடையாளமே இன்றும் அவருக்கு முன்நிற்கிறது. ஆனால் யானை என்ன தின்கிறது என்ற கேள்வியே அவரைக் காட்டின் மாற்றத்துக்குள் கொண்டுசென்றது. மரம், செடிகளிலும் வெப்பமண்டலப் புற்களிலும் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். எலும்பில் அந்த விகிதத்தை அளந்தால் யானை தழையை நம்பி வளர்ந்ததா, புல்லையா என்று அறியலாம். 1987-இல் யானை எலும்புகளில் பயன்பட்ட இதே தர்க்கம், 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையில் நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணுக்குப் பெயர்ந்தது. கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழையின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப அங்கே புல்வகைகளும் மரஞ்செடிகளும் மாறிமாறி மேலோங்கியிருந்ததை மண்படிவு காட்டியது. நிலையான முதிர்நிலை என்ற எண்ணத்துக்கு அந்தப் படிவில் அதிக இடமில்லை.

இதற்கிடையே 1988-இல் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுக்களம் தொடங்கியிருந்தது. ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் நிறுவிய களமே முன்மாதிரி. மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமனை எட்டிய ஒவ்வொரு மரஞ்செடிக்கும் எண் தகடு; முதற்கணக்கில் 25,000-க்கும் மேற்பட்டவை. பனாமா ஈரக்காடு, முதுமலையோ கோடையில் எரியும் காடு. அதனால் எச். எஸ். சுரேஷ், எச். எஸ். தத்தராஜா ஆகியோருடன் சேர்ந்து சுகுமார், எது செத்தது, எதனால் செத்தது என்பதை ஆண்டுதோறும் பதிந்தார். இந்தக் காரணப் பதிவே களத்தின் உண்மையான சொத்து என்பேன். தரைத்தீ பெரும்பாலும் சிறு தண்டுகளைக் கருக்கியது. அவற்றில் பல அடுத்த மழையில் வேரடியிலிருந்து துளிர்த்தன. யானை இடைத்தரத் தண்டுகளை ஒடித்தது. கைடியா காலிசினா என்ற இனம் அதனால் வெகுவாகக் குறைந்தது. பெருமரங்களின் சாவு மழைக்குறைவைச் சற்றே பின்தங்கித் தொடர்ந்தது. வெண்தேக்கும் கருமருதும் மேலடுக்கில் தொடர்ந்து நின்றன. காட்டைப் பின்னுக்கு இழுப்பவை என்று ஒற்றைச் சொல்லில் அடக்கிய ‘குலைவு’ இங்கே வெவ்வேறு அளவு மரங்களை வெவ்வேறு வேகத்தில் தொடும் மூன்று நிகழ்வுகளாகப் பிரிந்தது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். ஒரே களம் ஒரு மலைத்தொடருக்குச் சாட்சி சொல்லுமா என்பது முதலாவது. நியாயமான ஐயம், முதுமலைக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்காக மழை மும்மடங்கு வரை கூடுகிறது. அதனால்தான் மழைச்சரிவு நெடுகிலும் ஒரு ஹெக்டேர் களங்கள் பல பின்னர் சேர்க்கப்பட்டன. இரண்டாவது மறுப்பு கனமானது. குலைவு காட்டின் இயல்பு என்றால் எந்த அழிவுக்கும் அது சாக்காகிவிடாதா? இதற்குப் பதில் இடைவெளியில் இருக்கிறது. கோதண்டபாணி, காக்ரேன், சுகுமார் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, 1909-1921 காலத்தில் ஏறத்தாழ 10 ஆண்டாக இருந்த தீயின் மீள்வரவு இடைவெளி 1989-2002 காலத்தில் சுமார் 3.3 ஆண்டாகச் சுருங்கியதைக் காட்டியது. பத்தாண்டு இடைவெளியில் நாற்று தண்டாகித் தடித்துத் தீயைத் தாங்கும். மூன்றாண்டில் அது முடியாது. தீ இயல்பானதா என்ற கேள்வியை விட, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கேள்வியே பயனுள்ளது. உண்ணிச்செடி (லண்டானா) புதராக மண்டிய பிறகு அந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது.

எந்த அழிவையும் குலைவு என்று சொல்லிவிட முடியாது என்பதைக் காண, காட்டுக்கு வெளியே, சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர்-ஒரகடம் தொழிற்தடத்துக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் ஒரு வேறுபாடு துலங்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஏரிப்பாசன வயலும் புதர்க்காடும் மேய்ச்சல் தரையுமாகக் கிடந்த நிலம் ஆலைமனையானது. தீக்குப் பின் முதுமலையில் வேரும் மண்ணும் விதையும் மிஞ்சுகின்றன. கிராவல் கொட்டிச் சமன்செய்த மனையில் இவை மிஞ்சுவதில்லை. ஆகவே இது மீள்வரவு இடைவெளி உள்ள குலைவே அல்ல, நிலமாற்றம். ஆலை வளாகப் பசுமைப் பகுதியை மீட்சி என்று எழுதும் அறிக்கைகள் இந்த வேறுபாட்டைக் கடந்துவிடுகின்றன. அது புது நடவு. ஆனாலும் முதுமலையின் முறை அதற்கும் பொருந்தும்: நட்ட நாளின் எண்ணிக்கையோடு நிற்காமல், ஒவ்வொரு கன்றுக்கும் எண்ணிட்டு, எது எந்த ஆண்டு எதனால் பட்டது என்று பதியலாம். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து தண்ணீர் லாரி நின்ற பிறகு வரும் இரண்டு கோடைகளின் பதிவு, நடவு விழாவின் எண்ணிக்கையை விட அதிகம் சொல்லும்.