முய் தாய் கற்க தாய்லாந்து போறீங்களா? ரூம் போடும் முன் இதைக் கவனிங்க!

கிக் பாக்ஸிங், எம்.எம்.ஏ. பயிற்சியில் இருக்கும் பலருக்கும் ஒரு மாதமாவது தாய்லாந்தில் முய் தாய் கற்க ஆசை. விமான டிக்கெட்டையும் பயிற்சிக் கட்டணத்தையும் கணக்குப் போடுபவர்கள், தங்குமிடத்தை மட்டும் 'அங்கே போய் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். பட்ஜெட் எகிறுவது அங்கேதான்.

எங்கே தங்கலாம்?

முதல் வழி, பயிற்சி முகாமிலேயே தங்குவது. பெரும்பாலான முகாம்களில் காலை, மாலை என இரண்டு வேளை பயிற்சி உண்டு. நடுவில் தூங்கி எழுந்தால்தான் மாலையில் உடம்பு ஒத்துழைக்கும். அதனால் புதியவர்களுக்கு இதுவே வசதி.

இரண்டாவது, முகாமுக்குப் பக்கத்தில் விடுதி. புக்கெட் தீவின் சலோங் பகுதியில் உள்ள சோய் தா-இயட் தெருவில் முகாம்கள், அறைகள், உணவகங்கள் எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

மூன்றாவது, மாத வாடகை அறை. வாடகை குறைவுதான். ஆனால் முன்பணம் கேட்பார்கள், கரண்ட் பில் தனி. ஏசி போடும்போது யூனிட்டுக்கு எத்தனை பாட் என்பதை முதலிலேயே கேட்டுடுங்க.

டிஎம்30 என்றால் என்ன?

வெளிநாட்டவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவுதான் டிஎம்30. இது இல்லாவிட்டால், தங்கும் காலத்தை நீட்டிக்கப் போகும்போது சிக்கல் உங்களுக்குத்தான். பணம் கட்டும் முன்பே பதிவு செய்து தருவார்களா என்று கேளுங்க.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் கட்டாயம். பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. அதில் தங்கும் முகவரி கேட்பார்கள் என்பதால், முதல் சில நாட்களுக்காவது அறை உறுதியாகியிருக்க வேண்டும்.

விசா முதலில், முன்பணம் பிறகு

2024-ல் அறிமுகமான டிடிவி விசாவில் முய் தாய் பயிற்சியும் ஒரு காரணமாக ஏற்கப்படுகிறது. 5 ஆண்டு செல்லுபடியாகும். ஒவ்வொரு முறையும் 180 நாட்கள் வரை தங்கலாம். 5 லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும். குறுகிய பயணத்துக்கான விதிகள் அடிக்கடி மாறுவதால் தூதரக இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். விசா கைக்கு வரும் முன் மூன்று மாத வாடகை கட்ட வேண்டாம்.

காயம் பட்டால்?

மூன்றாவது நாளே கால் வீங்கிப் படுத்துவிட்டால், மீதி நாட்களுக்கான பணம் திரும்புமா? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல பயணக் காப்பீடுகளில் சண்டை விளையாட்டுக் காயங்கள் சேராது. அதையும் பாருங்க.

ஆக, முதல் வாரத்துக்கு மட்டும் அறை போடுங்கள். மெத்தை, துணி துவைக்கும் வசதி, முகாமுக்கு நடக்கும் தூரம் எல்லாம் நேரில் பார்த்துத் திருப்தியானால், மாத வாடகை பேசலாம்.