ஊசி முந்தியா, வலிப்பு முந்தியா?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குகள் குவிந்தன. முத்தடுப்பு ஊசியால் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது என்பதே பெரும்பாலான பெற்றோரின் புகார். சில நிறுவனங்கள் தயாரிப்பையே நிறுத்திவிட்டன. ஊசிக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில் 1986-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1988 அக்டோபர் 1 முதல் நஷ்டஈட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊசிகள் மீது விதிக்கப்படும் வரியே இதற்கான நிதி. நிறுவனத்தின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை.

அப்படியானால் எதை நிரூபிக்க வேண்டும்? நாளையும் நேரத்தையும்தான்!

சட்டத்தோடு ஓர் அட்டவணை உண்டு. முத்தடுப்பு ஊசி போட்ட 3 நாட்களுக்குள் மூளை பாதிப்பின் முதல் அறிகுறி தோன்றினால், ஊசியே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொண்டது. இது சட்டத்தின் அனுமானமே தவிர, மருத்துவத்தின் முடிவு அல்ல. நான்காம் நாள் என்றால் ஊசிதான் காரணம் என்று மனுதாரரே நிரூபிக்க வேண்டும்.

முதல் அறிகுறி என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு பெண் குழந்தைக்கு 1975-இல் ஊசி போட்ட 3 நாட்களுக்குள் வலிப்பு வந்தது. ஆனால் ஊசிக்கு முன்பே தலையின் அளவு இயல்பைவிடச் சிறியதாக இருந்ததாக விசாரணையில் முடிவானது. முன்பே அறிகுறி இருந்தால், பின்பு வந்தது முதல் அறிகுறி ஆகாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டில் இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் அதை யார் எழுதி வைப்பார்கள்? தாயின் சொல் மட்டும் போதாது என்கிறது சட்டம். மருத்துவப் பதிவோ மருத்துவரின் கருத்தோ துணை நிற்க வேண்டும். ஆனால் அதே சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அறிகுறி பதிவாகாமல் போயிருந்தாலும், தேதி தவறாகப் பதிவாகியிருந்தாலும், மற்ற சாட்சியங்கள் வலுவாக இருந்தால் அது உரிய காலத்துக்குள் தோன்றியதாக ஏற்கலாம். மருத்துவப் பதிவு என்றாலே முழுமையானது, பிழையற்றது என்று கருதிவிடக் கூடாது என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது.

மனு செய்யும் கெடுவும் இதே நாளிலிருந்துதான் ஓடுகிறது. நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து 3 ஆண்டுகள்.

மருத்துவர் அவசரத்தில் எழுதும் "நேற்று முதல்" என்ற இரண்டு சொற்கள், ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானித்துவிடலாம்.