பைபாஸுக்குப் பின் மீட்சி: தாமதமாகத் தெரிந்த இதயநோயும் திருத்தணி வட்டாரமும்

இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனிகளில் அடைப்பு முற்றிவிட்டால், அந்த அடைப்பைத் தொடாமல் அதற்கு அப்பால் இரத்தம் போய்ச்சேர வேறொரு குழாயை ஒட்டித் தருவது பைபாஸ் அறுவை சிகிச்சை. மார்பின் உட்புறமாக ஓடும் தமனியோ, காலிலிருந்து எடுக்கும் சிரையோ, சிலருக்கு முன்கைத் தமனியோ அந்தக் குழாயாகப் பயன்படுகிறது. 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினா மருத்துவர் ரெனே ஃபவலோரோ கால் சிரையை வைத்துச் செய்த அறுவைக்குப் பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் முதல் பைபாஸை 1975இல் டாக்டர் கே. எம். செரியன் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தார். திருத்தணியில் ஏறிச் சென்னை சென்ட்ரலுக்குப் போகிறவர் பெரம்பூரைத் தாண்டித்தான் போகவேண்டும். அறுவை சிகிச்சை ஐம்பது ஆண்டுகளாக இவ்வூர்க்காரரின் ரயில் பாதையிலேயே இருந்துவருகிறது. நோய் இன்னதென்று தெரியவருவதுதான் இன்றும் பிந்துகிறது. அறுவைக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு மீள்வார் என்பதைப் பெரும்பாலும் அறுவைக்கு முன் கழிந்த அந்த நாட்களே முடிவு செய்கின்றன. ஆகவே தாமதமாகக் கண்டறியப்பட்டவரின் மீட்சியைத் தனியாக அளந்து, தனியாகத் திட்டமிட்டு, அவருடைய ஊரிலேயே நடத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நோய் தவறவிடப்படுவதற்கு அறியாமையை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. இந்த நோய் தன்னை அறிவிக்கும் விதமே ஆளை ஏமாற்றுவது. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் வாசித்து 1772இல் அச்சேறிய கட்டுரையில் நெஞ்சுப் பிடிப்பை முதன்முதலாகத் தெளிவாக வரைந்து காட்டினார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, குறிப்பாகச் சாப்பிட்ட கையோடு ஏறும்போது வருகிறது; நின்றால் போய்விடுகிறது என்று அவர் எழுதிய குறிப்பு திருத்தணி முருகன் கோயில் மலைப்படிகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. 365 படிகளில் பாதி ஏறியதும் நெஞ்சு இறுக, மண்டபத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் சரியாகிவிட, மறுபடி ஏறினால் மறுபடி இறுகுகிறது என்றால் அது கிட்டத்தட்டப் பாடப்புத்தக இலக்கணம். ஆனால் சாப்பிட்ட பின் வருகிறது என்ற அந்த ஒரு கூறே ஆளை வழிதவறச் செய்கிறது. ‘வாயு’ என்றும் ‘கேஸ்’ என்றும் பெயர் வைத்துச் சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துக் காத்திருக்கிறார்கள். ஏப்பம் விட்ட நேரமும் வலி தானாக அடங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் நம்பிக்கை உறுதிப்பட்டுவிடுகிறது. நீரிழிவுக்காரர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். பெண்களுக்குத் தாடை வலியாகவும் முதுகு வலியாகவும் காரணம் புரியாத அசதியாகவும் வெளிப்படுவது உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊருக்கே உரிய சிக்கலும் ஒன்று இருக்கிறது. தெலுங்கில் ‘ஆயாசம்’ என்றால் மூச்சு வாங்குவது. தமிழில் அதுவே வெறும் களைப்பு. இரு மொழியும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில், நோயாளி சொன்ன சொல் கேட்பவர் காதில் வேறு பொருளில் விழ வாய்ப்புண்டு. எந்தச் செயலின்போது ஆயாசம், படுத்தால் கூடுகிறதா என்று கேட்டுவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருத்துவமனைக்கு வந்த பிறகும் தாமதம் நேரலாம். இதய மின்வரைவு, அதாவது இசிஜி, ஒருமுறை இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. உட்கார்ந்திருக்கும்போது எடுத்த வரைவு, நடக்கும்போது மட்டும் வரும் வலியைக் காட்டாமல் போகலாம்; மாரடைப்பின் தொடக்கத்திலேயே எடுத்ததும் அப்படித்தான். சிறிது இடைவெளி விட்டு மறுபடி எடுப்பதும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதும் இதனால்தான். இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘கிரியேட்’ ஆய்வில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். அடைபட்ட தமனியைத் திறந்தால் பெரும்பலன் கிடைப்பது முதல் சில மணி நேரத்தில்தான். ஏழைகளுக்கு முறையான சிகிச்சை குறைவாகவே கிடைத்தது, அவர்களிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

இந்தத் தாமதம் இதயத் தசையை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மீட்சி புரியும். இரத்தம் முற்றிலும் நின்ற தசை சில மணி நேரத்தில் மடிந்து தழும்பாகிவிடுகிறது. எந்த பைபாஸும் அதை உயிர்ப்பிக்காது. மாதக்கணக்கில் அரைகுறை இரத்தத்தில் பிழைத்துவந்த தசையோ வேலையை நிறுத்திவிட்டு உறங்கிக் கிடக்கிறது. இரத்தம் திரும்பியதும் அது மெல்ல விழித்தெழும்; சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். அறுவை முடிந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் எதிரொலிச் சோதனையை, அதாவது எக்கோவை, மறுபடி எடுக்கச் சொல்வது, உறங்கிய தசை எவ்வளவு எழுந்தது என்று பார்க்கத்தான். இங்கே ஒரு பொதுவான தவறான புரிதலைத் திருத்தவேண்டும். எக்கோ அறிக்கையில் ‘பம்பிங் 40’ என்று இருந்தால் இதயம் நூற்றுக்கு நாற்பதுதான் வேலை செய்கிறது என்று குடும்பமே இடிந்துபோகிறது. நல்ல ஆரோக்கியமான இதயமே ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 சதவீதம்தான் இயல்பு. நாற்பது என்பது குறைவுதான், ஆனால் அவர்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. முப்பத்தைந்தும் அதற்குக் கீழும் போனவர்களுக்குக்கூட வழி உண்டென்று ‘ஸ்டிச்’ என்னும் பன்னாட்டு ஆய்வு காட்டியது. அத்தகைய 1,212 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்ததில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 66.1 சதவீதமும் மருந்தோடு பைபாஸும் பெற்றவர்களில் 58.9 சதவீதமும் இறந்திருந்தனர். இந்த எண்களை இரு பக்கமும் படிக்கவேண்டும். பிந்திச் செய்த அறுவையும் உயிர் காக்கிறது. ஆனால் தசை நலிந்த பிறகு செய்யும் அறுவை, பழைய இதயத்தை அப்படியே திருப்பித் தருவதில்லை.

தாமதம் கேடு என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, நிலையான இதயத் தமனி நோய் உள்ள 5,179 பேரை ஆராய்ந்து, முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வது மருந்தோடு காத்திருப்பதைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று கண்டது. அப்படியானால் தாமதத்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். அந்த ஆய்வில் காத்திருந்தவர்கள் யாரும் நோய் தெரியாமல் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு நோய் கண்டறியப்பட்டிருந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினும் ஆஸ்பிரினும் இரத்த அழுத்த மருந்தும் முறையாகக் கிடைத்தன. இடப்புறப் பிரதான தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்களும் பம்பிங் மிகக் குறைந்தவர்களும் சேர்க்கப்படவே இல்லை. அவசரப்பட்டு அறுக்க வேண்டாம் என்பதற்கு அது சான்று. சோடா குடித்துக் காத்திருப்பவருக்கு அந்த மருந்து எதுவும் கிடைக்காததால், அவருடைய தாமதத்துக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

அறுவைக்குப் பின் நடப்பதைப் பார்ப்போம். நடு மார்பெலும்பை நீளவாக்கில் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த எலும்பு கூடிவர ஆறு முதல் எட்டு வாரமும் முழு வலு பெற ஏறக்குறைய மூன்று மாதமும் ஆகும். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வதும், கையை ஊன்றி எழாமல் ஒருக்களித்து எழுவதும், தண்ணீர்க் குடத்தையும் பேரக்குழந்தையையும் தூக்காமல் இருப்பதும் இந்த எலும்புக்காகத்தான். மார்பில் ‘கடக்’ என்று அசைவு தெரிந்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக்கூடாது. நீரிழிவுக்காரர் இதில் இருமடங்கு கவனமாக இருக்கவேண்டும். முதல் சில நாட்களில் மூன்றில் ஒருவருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தப்பிப் படபடப்பது உண்டு. சிரை எடுத்த கால் வீங்கும்; தூக்கம் கெடும். இதெல்லாம் எல்லா நோயாளிக்கும் பொது. தாமதமாகத் தெரிந்தவருக்கு இதற்குமேல் கவனிக்க வேண்டியது தசைக் குறைவு. நெய்யூறிய இட்லியைவிட அவருக்கு உப்புதான் பகை. ஆவக்காய், கோங்குரா ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் புழங்கும் எல்லைப்புறச் சமையலறையில் இதைச் சொல்வது எளிதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்து, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அறிந்து மருத்துவரைப் பார்க்கவேண்டும். கோடையில் தமிழ்நாட்டிலேயே வெயில் மிகக் கடுமையாக அடிக்கும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. நீர் பிரியும் மாத்திரையும் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் அந்த வெயிலில் நடந்தால் தலைசுற்றி விழக்கூடும். நடை விடியற்காலையில் இருக்கட்டும்.

தொழிலுக்குத் திரும்புவதும் இப்படித்தான். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கத்து நெசவாளிகளுக்கு ‘இலேசான வேலை செய்யலாம்’ என்ற அறிவுரையால் பயனில்லை. குழித்தறியில் கால் மிதியை அழுத்துவதும் நாடா எறியக் கயிற்றை இழுப்பதும் பலகையை அடிப்பதும் மார்பெலும்பின் மேல் மாறி மாறி விழும் இழுப்புகள். எலும்பு கூடும்வரை தறியைவிட்டு விலகியிருக்கவும், பிறகு நாளுக்கு அரை மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டவும் அவருக்குக் கணக்காகச் சொல்லவேண்டும். மலைப்படி வேண்டுதலும் அப்படியே. பிழைத்தால் படியேறி மொட்டை போடுகிறேன், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவரிடம் அதை விட்டுவிடச் சொல்வது வீண். அந்த நம்பிக்கையே அவரை நடக்கவைக்கிறது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் சமதளத்தில் அரை மணி நேரம் நடக்கப் பழகியபின், மூன்று மாத எக்கோவும் உடலுழைப்புச் சோதனையும் பார்த்து, படிகளை இளைப்பாறி இளைப்பாறி ஏறலாமா என்று மருத்துவர் சொல்லட்டும். தோளில் சுமை ஏற்றும் காவடி அதற்கும் பின்னால். அதுவரை மலைமேல் போகச் சாலை இருக்கிறது.

அறுத்த உடம்புக்கு ஓய்வுதானே மருந்து என்பது வீட்டுப் பெரியவர்களின் மறுப்பு. அதில் அன்பு இருக்கிறது, ஆதாரம் இல்லை. 2021இல் 85 ஆய்வுகளையும் 23,430 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்த ‘காக்ரேன்’ மதிப்பாய்வு, உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட இதய மறுவாழ்வு இதயநோய் இறப்பை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைப்பதைக் கண்டது. இந்தியாவில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்த ‘யோகா-கேர்’ ஆய்வில் யோகாவால் இறப்போ மறு மாரடைப்போ திட்டவட்டமாகக் குறைந்ததாக நிறுவ முடியவில்லை. ஆனால் நோயாளிகள் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் கூடியது. மனமும் இதில் சேர்ந்தது. பைபாஸ் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தாமதமாகத் தெரிந்தவரை ‘அன்றைக்கே பார்த்திருந்தால்’ என்ற எண்ணம் கூடுதலாக அரிக்கும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்குச் செவிகொடுக்க வேண்டும். அது மருத்துவத்தின் மேலேயே வெறுப்பாகி மாத்திரையை நிறுத்துவதில் முடிந்தால் இரண்டாம் கேடு. கால் சிரையில் செய்த ஒட்டுகளில் ஏறக்குறைய பாதி பத்தாண்டுக்குள் அடைபடுகின்றன. ஆஸ்பிரினும் ஸ்டாடினும் புகைபிடிப்பதை விடுவதும்தான் அதைத் தள்ளிப்போடும்.

இதெல்லாம் சென்னைப் பெரிய மருத்துவமனைகளுக்குச் சரி, சிற்றூருக்கு ஆகுமா என்பது கடைசி மறுப்பு. ஆகும் என்பதற்கு எண்கள் உண்டு. மாரடைப்பு நோயாளிகளை ஊர் மருத்துவமனையிலிருந்து பெரிய மையத்தோடு இணைக்கும் முறையை 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் 2,420 பேரிடம் சோதித்தபோது, ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய முதல் கட்ட மாத்திரைகள் துணை சுகாதார நிலையம்வரை வைக்கப்பட்டன. மறுவாழ்வுக்கு இன்னும் குறைவாகவே தேவை. 14 இந்திய மருத்துவமனைகளில் 806 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சமூக நலப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்தவர்களில் 97 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் மருந்தை ஒழுங்காக எடுத்தனர்; மற்றவர்களில் 92. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவருகிறது. அதே பணியாளரின் பட்டியலில் பைபாஸ் ஆனவர்களையும் சேர்த்து எடை, நாடி, புண், மாத்திரை, மனநிலை ஆகியவற்றைக் கேட்கச் செய்யலாம். காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது என்பதைப் பொறுத்து அறுவை சென்னையிலோ வேலூரிலோ திருப்பதியிலோ நடந்திருக்கும். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் உறவும் சந்தையும் எல்லையின் இருபுறமும்தான் இருக்கின்றன. எந்த ஊரில் அறுத்தாலும் ஒட்டுகளின் எண்ணிக்கை, பம்பிங் அளவு, மாத்திரைகள், மறு எக்கோ தேதி ஆகியவற்றை ஒரே தாளில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். மீட்சியை அளக்கும் ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டியது முப்பது மீட்டர் தாழ்வாரம், ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி, அருகில் நிற்க ஒரு செவிலியர்.