கரிவாயு பஸ்ஸும் மார்கழிக் குளிரும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது, தென்னார்க்காடு ஜில்லா உள்ளிட்ட சென்னை ராஜதானியில், பஸ்கள் பல மரக்கரியிலிருந்து பெற்ற வாயுவினால் ஓடின. விடியற்காலையில் கைச்சக்கரத்தைச் சுழற்றிக் காற்றூதி, பின்புறத்து உருளை உலையில் கரி கனன்று, வாயு பற்றியெரியும் பதம் வரும்வரை காத்திருப்பதற்குள், வண்டி ஓரடியும் நகராமலே கரி செலவாகிவிடும். அடைமழையில் நனைந்த கரியாயின், அந்த ஈரத்தை ஆவியாக்கவே உஷ்ணத்தில் ஒரு பங்கு விரயமாகும்.

பெட்ரோல் வண்டிக்கும் ஏறக்குறைய இதே நியாயந்தான்: குளிரில் எண்ணெய் தடித்து உராய்வு மிகுகிறது, எஞ்சின் சூடேறும்வரை எரிபொருள் கூடுதலாகவே ஊட்டப்படுகிறது, அடர்ந்த காற்றும் எதிர்த்து நிற்கிறது. அமெரிக்க அரசின் கணக்குப்படி, 25 டிகிரி வெப்பத்தில் கிடைக்கும் மைலேஜ், உறைநிலைக்கு 7 டிகிரி கீழே, நகர ஓட்டத்தில் சுமார் 15 சதவீதம் குறைகிறது. நம் மார்கழிப் பனி அவ்வளவு கொடியதன்று. ஆதலின், இங்கே மைலேஜ் குறைந்தால் குளிரைக் குறைகூறுவது பெரும்பாலும் வீண்பழியே.