எல்லையும் எடையும்: புதுச்சேரி ஓடுபாதையின் வரலாற்றுப் பின்னணி

புதுச்சேரி நகரின் வடபகுதியில், கருவடிக்குப்பத்தை அடுத்த லாஸ்பேட்டையில் விமான நிலையம் அமைந்துள்ளது. அதன் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமுடையது. இங்கு விமானச் சேவை தொடங்குவதும் நின்றுபோவதுமாக இருந்தமைக்குப் பயணிகளின் குறைவே காரணமெனக் கூறுவதுண்டு. ஓடுபாதையின் நீளமும், அதன் நீட்டிப்பைக் கட்டுப்படுத்தும் பிரெஞ்சுக் கால எல்லையும் அதற்கிணையாகக் கருதத்தக்கவை என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

விமானம், பணியாளர், பயணிகள், சரக்கு, எரிபொருள் ஆகியவற்றின் மொத்த எடையே புறப்பாட்டு எடை. இதற்கு இரு வரம்புகள் உள்ளன. ஒன்று விமானத்தின் கட்டமைப்பு தாங்கும் உச்ச எடை. மற்றொன்று குறிப்பிட்ட ஓடுபாதை, அந்நேர வெப்பம், காற்று ஆகியவை அனுமதிக்கும் எடை. இவற்றுள் குறைவானதையே விமானி கொள்ள வேண்டும். வெப்பம் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைந்து, மேலெழத் தேவையான தூரம் கூடுகிறது. எடை வரம்புக்குள் இருப்பினும், விமானத்தின் ஈர்ப்பு மையம் உரிய எல்லைக்குள் அமைதல் வேண்டும். சமநிலைக் குறையைச் சுமையை இடம் மாற்றித் தீர்க்கலாம்; ஓடுபாதையின் நீளக் குறைக்குச் சுமையைக் குறைப்பதே வழி. அவ்வாறு குறைவது பயணியாகவோ, சரக்காகவோ, எரிபொருளாகவோ அமையும்.

2013 ஜனவரியில் இங்கு வந்த ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400, 2024 டிசம்பரில் வந்த இண்டிகோவின் ஏடிஆர் 72 ஆகிய இரண்டும் டர்போபிராப் விமானங்களாயிருப்பது இக்கணக்கின் விளைவே. ஏடிஆர் 72-இன் உச்சப் புறப்பாட்டு எடை சுமார் 23 டன். ஏர்பஸ் ஏ320-இன் எடையோ 70 டன்னுக்கும் மேல். பின்னது முழுச் சுமையுடன் புறப்பட இந்நீளம் போதாது.

ஓடுபாதையை நீட்டிக்கும் திட்டத்திற்குத் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்ட நிலமும் தேவைப்படுகிறது. 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின் பின்னர்ப் பிரெஞ்சியர் மீளப்பெற்ற பகுதிகள் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளுக்கிடையே சிதறிக் கிடந்தன. 1954 நவம்பர் 1-இல் நிருவாகம் கைமாறியபோதும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றபோதும் அவ்வெல்லைகள் அழியவில்லை. ஒன்றியப் பகுதிக்கும் மாநிலத்துக்கும் இடையிலான எல்லைகளாகத் தொடர்ந்தன. எனவே நிலம் கையகப்படுத்தல் இரு அரசுகளின் இசைவைச் சார்ந்ததாயிற்று.

ஆட்சி மாறியும் எல்லை மாறாமையின் விளைவு, இன்று விமானி கணக்கிடும் புறப்பாட்டு எடையில் வெளிப்படுகிறது. புதுச்சேரியின் போக்குவரத்து வரலாற்றை ஆராய்வோர் பயணிகளின் எண்ணிக்கையோடு இவ்வெல்லையின் வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.