சிட்னி ஷெல்டன்

சிட்னி ஷெல்டன் (பெப்ரவரி 11, 1917 – ஜனவரி 30, 2007) அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர், தயாரிப்பாளர், புதின ஆசிரியர். திரைப்படம், நாடகம், தொலைக்காட்சி ஆகிய மூன்று துறைகளிலும் பெயர் பெற்ற பின், 53ஆம் வயதில்தான் இவருடைய முதல் புதினம் வெளிவந்தது. இவர் எழுதிய 18 புதினங்களும் சேர்ந்து 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளன.

வாழ்க்கைக் குறிப்பு

சிகாகோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் சிட்னி ஷெக்டெல். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தால் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. 17ஆம் வயதில் தற்கொலைக்கு முனைந்ததைத் தமது தன்வரலாற்றில் (2005) மறைக்காமல் எழுதியுள்ளார். வாழ்க்கை ஒரு புதினம் போன்றது, பக்கத்தைப் புரட்டும் வரை அடுத்து வருவது தெரியாது என்று கூறித் தந்தை தடுத்தாராம். பிற்காலத்தில் இவருக்கு இருமுனையப் பிறழ்வு இருப்பது கண்டறியப்பட்டது. புகழின் உச்சியிலும் உளச்சோர்வு இவரை விட்டு நீங்கவில்லை.

திரையும் தொலைக்காட்சியும்

1937இல் ஹாலிவுட் சென்று, யூனிவர்சல் நிறுவனத்தில் கதைகளைப் படித்துச் சுருக்கித் தரும் பணியில் சேர்ந்தார். 'தி பேச்சலர் அண்ட் தி பாபி சாக்சர்' (1947) திரைக்கதைக்காக ஆஸ்கார் விருதும், 'ரெட்ஹெட்' (1959) இசைநாடகத்துக்காக டோனி விருதும் பெற்றார்.

1963இல் தொடங்கிய 'தி பேட்டி டியூக் ஷோ' இவரது முதல் பெருவெற்றித் தொடர். அடுத்து வந்த 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' (1965–1970) தொடரை உருவாக்கித் தயாரித்ததுடன், அதன் 139 பகுதிகளில் பலவற்றைத் தாமே எழுதினார். தம் பெயரே திரையில் திரும்பத் திரும்ப வருவது நன்றாக இராது என எண்ணிச் சிலவற்றுக்குப் புனைபெயர்களை இட்டுக்கொண்டார். பிற்காலத்தில் 'ஹார்ட் டு ஹார்ட்' (1979–1984) தொடரையும் இவரே உருவாக்கினார்.

புதினங்கள்

உளநல மருத்துவர் ஒருவரைப் பற்றிய கதைக்கரு இவர் மனதில் இருந்தது. அம்மருத்துவரின் உள்ளத்தில் ஓடுபவற்றைக் காட்சிகளாக்க இயலாது என உணர்ந்து, அதைப் புதினமாக்கினார். 'ஜீனி' தொடரின் இறுதி ஆண்டில் நாள்தோறும் காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை தொலைபேசி அழைப்புகளை ஏற்காமல் கதை சொல்லி எழுதுவித்தார். மதியத்துக்குப் பின்பே தொடர் வேலை. இவ்வாறு உருவான 'தி நேக்கட் ஃபேஸ்' (1970) சிறந்த முதல் புதினத்துக்கான எட்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 'தி அதர் சைட் ஆஃப் மிட்நைட்' (1973) இவரை உலகறியச் செய்தது.

நடிகர், இயக்குநர், படப்பிடிப்புச் செலவு என எதற்கும் கட்டுப்பட வேண்டாத விடுதலையே தம்மைப் புதினத்தில் நிறுத்தியது என்பார். எனினும் தொலைக்காட்சிப் பழக்கம் இவரை விடவில்லை. விளம்பர இடைவேளைக்கு முன் கதையை நிறுத்தும் உத்தியை ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் காணலாம். இலக்கிய விமர்சகர்கள் பெரிதாக மதிக்கவில்லை. பாத்திரங்களில் ஆழம் குறைவு என்ற குறையில் உண்மையும் உண்டு. ஆனால் வாய்மொழியாகச் சொன்ன படியைப் பலமுறை திருத்தி எழுதுவதற்கே ஓராண்டுக்கு மேல் செலவிட்டவர் இவர்.

'ரேஜ் ஆஃப் ஏஞ்சல்ஸ்' (1980), 'மாஸ்டர் ஆஃப் தி கேம்' (1982), 'இஃப் டுமாரோ கம்ஸ்' (1985) ஆகியவை பின்னர் தொலைக்காட்சிக் குறுந்தொடர்களாயின. கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜ் நகரில் நிமோனியா காய்ச்சலின் பாதிப்பால் காலமானார். 2009 முதல் டில்லி பாக்ஷா இவரது பாத்திரங்களைத் தொடர்ந்து புதிய புதினங்கள் எழுதினார். அவற்றின் அட்டைகளிலும் ஷெல்டனின் பெயரே பெரிதாக அச்சிடப்பட்டது.