மருந்துத் துணைப்பொருள்களும் குடல் உறிஞ்சலும்

மருந்துத் துணைப்பொருள் என்பது குளிசை, கப்சூல், பாணி மருந்து ஆகியவற்றில் நோய் தீர்க்கும் கூற்றுக்குப் பருமனும் உருவும் நிறமும் இனிப்பும் தருவதற்காகச் சேர்க்கப்படும் லக்டோஸ், மாப்பொருள், ஜெலற்றின், சாயம் போன்ற பொருளாகும். குளிசையின் எடையில் பெரும்பங்கு இவையாகவே இருப்பதுண்டு. செயலற்றவை என இவை வகைப்படுத்தப்பட்டு வந்தபோதிலும், விழுங்கிய மருந்தில் எவ்வளவு குடற்சுவரைக் கடந்து குருதியை அடைகிறது என்பதை இவை மாற்றக்கூடுமாதலால் அப்பெயர் முழுதும் பொருந்துவதன்று.

இதற்குப் பெயர்பெற்ற சான்று 1968-69 காலப்பகுதியில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கிடைத்தது. வலிப்பு நோய்க்கான பெனிற்றோயின் கப்சூலில் நிரப்பியாக இருந்த கல்சியம் சல்பேற்றை நீக்கி லக்டோஸ் இடப்பட்டபோது, மருந்தின் அளவு சற்றும் மாறாதிருந்தும் நோயாளர் பலரிடம் தள்ளாட்டம் முதலிய நச்சுக்குறிகள் தோன்றின. பழைய நிரப்பி மருந்தின் ஒரு பகுதியை எளிதிற் கரையாத சேர்வையாகப் பிடித்து வைத்திருந்தது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

பாணி மருந்துகளில் இனிப்புக்காகச் சேரும் சோபிற்றோல், மனிற்றோல் ஆகியவை சிறுகுடலினுள் நீரை இழுத்து அதன் உள்ளடக்கத்தை விரைந்து நகர்த்துவதால், மெதுவாக உறிஞ்சப்படும் மருந்துக்கு அவகாசம் குறைந்துவிடுகிறது. வேறு சில துணைப்பொருள்கள் குடற்சுவரின் காவிப் புரதங்களையே, அதாவது மருந்து மூலக்கூறை உள்ளே ஏற்றிவிடும் வாயில்களையே, தடுக்கின்றன. கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 136 துணைப்பொருள்களுள் 24 பொருள்கள் ஓ.ஏ.ரி.பி.2பி1 என்னும் காவியைத் தடுத்தன. ஒவ்வாமை மருந்தான பெக்சோபெனடினின் உறிஞ்சலை அசோ வகையைச் சேர்ந்த ஒரு சிவப்புச் சாயம் எலிகளில் குறைத்தது. எனினும் குடல் நுண்ணுயிர்கள் அத்தகைய அசோச் சாயங்களைச் சிதைத்து அத்தடையை நீக்கவல்லவை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. துணைப்பொருள் மட்டுமன்றித் தோடம்பழச் சாறும் அப்பிள் சாறும் பெக்சோபெனடினின் உறிஞ்சலைக் குறைப்பதால், நோன்பு துறக்கையில் சாற்றுடன் குளிசையையும் சேர்த்து விழுங்குவோருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

பேராசிரியர் சேனக பிபிலேயின் மருந்துக் கொள்கைப்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது முதல் வணிகப் பெயரை விடுத்துப் பொதுப்பெயருக்கு முதன்மை தர முயன்ற நாடு இலங்கை என்பதால், ஒரே பெயருள்ள மருந்து வெவ்வேறு தயாரிப்பாளரின் துணைப்பொருள்களுடன் வருவது இங்கு இயல்பே. அவற்றின் உயிர்ச் சமவலுவை, அதாவது குருதியில் ஒரே அளவாகச் சேரும் தன்மையை, சோதிப்பதன் தேவை இதிலிருந்து எழுகிறது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இத்துணைப்பொருள்களுள் கப்சூலின் ஜெலற்றின் ஓடு தனிக் கவனத்துக்குரியது. ஜெலற்றின் மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால் அது ஹலாலா என்னும் வினா முதலில் எழுகிறது. ஆனால் உறிஞ்சல் நோக்கில் கடற்கரையின் வெக்கையும் ஈரப்பதனும் அதற்கிணையான சிக்கலாகும். நெடுநாள் அச்சூழலிற் கிடக்கும் ஜெலற்றினின் புரத இழைகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து, நீரில் எளிதிற் கரையாத மென்படலமாகி, மருந்து வெளிப்படுவதைத் தாமதப்படுத்தலாம். தாவரச் செலுலோசிலிருந்து செய்யப்படும் ஓட்டில் புரதமே இல்லாததால் இப்பிணைப்பு உண்டாவதில்லை; மார்க்கக் காரணத்துக்காக நாடப்படும் ஓடு இவ்வகையில் அக்கரையோரக் காலநிலைக்கும் பொருந்திவிடுகிறது.